மேற்குச் சுவரோரம் நாலடி மண்

வாசல் கிழக்கே போனால் படுக்கையறைகள் மேற்கே போய்விடும். மதுரையில், திருநகர்ப் பக்கம், மூன்றே முக்கால் சென்ட் மனையில் இருக்கிற எங்கள் வீடும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பிக்கிற வெயில் பொழுது சாயும்வரை அந்த மேற்குச் சுவரை விடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வாங்கிய சூட்டை உடனே உள்ளே விடுவதில்லை. மெதுவாக ஊடுருவி உள்பக்கம் வந்து சேர்வதற்குள் நாம் சாப்பிட்டுப் படுக்கப் போகிற நேரமாகிவிடும். இரவு ஒன்பது மணிக்கு உள்சுவரில் உள்ளங்கையை வைத்தால் வெடுக்கென்று எடுத்துவிடத் தோன்றும். வெளியே காற்று ஆறியிருக்கும். அறைக்குள் மின்விசிறி சூட்டையே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஏசி போடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுவரைக் காயவிட்டுவிட்டு அறையைக் குளிர வைத்தால், ராத்திரி முழுக்க ஏசி அந்தச் சுவரோடு மல்லுக்கு நிற்கும்; பில்லை நாம் கட்டவேண்டும். வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்னாலேயே தடுக்க வேண்டும், அதற்குச் செடி கொடி மரம்தான் வழி என்று பட்டது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடியில் தொடங்கிய வேலை இது. என்ன செய்தோம், எது பலித்தது, எங்கே இடித்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். வீட்டில் மரம், பூச்செடி வைப்பதன் நன்மைகள் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதில் பாதிக்கு மேல் செடியை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே கிடைக்கிறது. இத்தனை மாத வேலையில் எனக்கு உறைத்தது அதுதான்.

தளத்தை உடைத்தது

மேற்குச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஆறடி அகலம், முப்பதடி நீளம். வீடு கட்டும்போதே அத்தனையும் சிமெண்டுத் தளமாகப் போட்டுவிட்டார்கள். கூட்டிவிட வசதி, புல் முளைக்காது என்பது கணக்கு. ஆனால் அந்தத் தளம் வெயிலில் காய்ந்து சுவருக்கு இன்னொரு பக்கச் சூட்டைக் கொடுத்தது. மழை பெய்தால் ஒரு சொட்டு உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடியது.

கொத்தனார் அண்ணனுக்கு நான் சொன்னது முதலில் பிடிபடவில்லை.

"ஏக்கா, தளம் போடக் கூப்பிடுவாக, பூசக் கூப்பிடுவாக. நல்லா இருக்கிற தளத்த உடைக்கக் கூப்பிட்டது நீங்கதேன்."

"எல்லாத்தையும் உடைக்க வேணாம்ணே. வீட்டுச் சுவத்த ஒட்டி ரெண்டடி நடபாதையா இருக்கட்டும். அந்தப் பக்கம் நாலடிக்கு மண்ணு தெரியணும்."

"அப்பச் சரி. அஸ்திவாரத்துல தண்ணி எறங்காது" என்றார். அவர் சொன்ன காரணமே சரியான காரணம். வீட்டை ஒட்டிய இரண்டடித் தளம் அப்படியே இருந்தால் செடிக்கு ஊற்றும் தண்ணீர் அடித்தளத்துப் பக்கம் போகாது. திருமங்கலத்துப் பக்கம் மாதிரி கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுவரோரம் தண்ணீர் கட்டினால் விரிசல் வரும்.

சம்மட்டியும் கடப்பாரையுமாக உடைத்தார்கள். மூன்று அங்குலத் தளம்தான். அதற்குக் கீழே வந்தவைதான் ஆச்சரியம்: உடைந்த செங்கல், காய்ந்த கலவைக் கட்டிகள், டைல்ஸ் துண்டு, துருப்பிடித்த கட்டுக்கம்பி, பாதி மக்காத சிமெண்டுச் சாக்கு. கட்டட வேலை முடிந்ததும் மிச்சம் மீதியை எல்லாம் இங்கே போட்டு மூடித் தளம் போட்டிருக்கிறார்கள். ஒன்றரை அடிக்குக் கீழேதான் செம்மண் முகம் காட்டியது. பாண்டு பாண்டாக அள்ளி டிராக்டரில் ஏற்றினோம். இந்த இடிபாடு பிற்பாடு எங்களுக்கு ஒரு வேலை வைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மண் தெரிந்த முதல் மழையிலேயே ஒரு பலன் கண்ணுக்குத் தெரிந்தது. கூரையில் விழுகிற மழைக்குக் கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மொட்டை மாடி ஏறக்குறைய 90 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 900 லிட்டர். 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழகத்தில் கட்டாயமாக்கியபோது எல்லா வீட்டிலும் ஒரு குழியைத் தோண்டினோம். பல வீடுகளில் அந்தக் குழி இப்போது மண் அடைத்துக் கிடக்கிறது. எங்களுடையதும் அப்படித்தான் கிடந்தது. அதைத் தூர்வாரி, சரளையும் மணலும் மாற்றி, வழிகிற தண்ணீர் இந்த நாலடிப் பாத்திக்குள் வரும்படி ஒரு குழாயைத் திருப்பிவிட்டோம். ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் ஓடியபோது எங்கள் பக்கத்திலிருந்து தெருவுக்குப் போனது மிகக் கொஞ்சம்.

குழியும் கலவையும்

மரத்துக்கு இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. பூச்செடிக்கு ஒன்றரை அடி போதும். குழியைத் தோண்டிய கையோடு நடக்கூடாது. இரண்டு வாரமாவது வெயில் காயவிட்டு ஆறப்போட வேண்டும். பிறகு சலித்த மேல்மண், வெளியிலிருந்து வாங்கிய செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றையும் ஏறக்குறைய சம பாகமாகக் கலந்து, குழிக்கு இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு சேர்த்தோம். தொழு உரத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சாண வாடை போய், மண் வாசம் வந்து, விரலிடுக்கில் உதிர்ந்தால்தான் அது மக்கியது. பச்சைச் சாணியைப் போட்டால் வேர் வெந்துபோகும், கூடவே வண்டுப் புழுவும் வரும்.

தரைமட்டத்துக்கு மேலே மூன்று அங்குலம் எழும்படி நிரப்பினோம். முதல் மழைக்கே மண் அமர்ந்து மட்டத்துக்கு வந்துவிடும். சமமாக நிரப்பினால் பிறகு பள்ளமாகித் தண்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், தண்டு அழுகும்.

மேலே மூடாக்கு. தெருவில் கூட்டி எரிக்கிற புங்கைச் சருகை, எரிக்கும் முன் சாக்கில் வாங்கிவந்து நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பினோம். வெயில் காலத்தில் தினமும் ஊற்றியிருக்க வேண்டிய தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாலும் செடி தாங்கியது இந்தச் சருகால்தான். ஆறு மாதத்தில் அது மக்கிப் போனது. விலக்கிப் பார்த்தால் மண்புழு.

எதை வைத்தோம், எதை வைக்கவில்லை

இதில்தான் வீட்டில் அதிகம் பேசினோம். அத்தைக்கு வேம்பு வேண்டும். எனக்கும் வேம்பு என்றால் உயிர். ஆனால் நாலடி அகலத்தில், பத்தடி தள்ளி செப்டிக் டேங்க் இருக்கிற இடத்தில் வேம்பை வைத்தால் இருபது வருடம் கழித்து வெட்டச் சொல்லி நாமே ஆள் கூப்பிட வேண்டிவரும். வைத்த மரத்தை வெட்டுவதைவிட வைக்காமல் இருப்பது மேல். வேம்பு, புங்கை எல்லாம் இடமிருக்கிறவர்கள் வைக்கட்டும். வாசலுக்கு வெளியே ஓரம் இருந்தால் புங்கையைவிட நல்ல நிழல் இல்லை. அரசும் ஆலும் யாரும் வைக்காமலே வரும், காக்கை எச்சத்தில் விழுந்த விதை சன்ஷேடு இடுக்கில் முளைக்கும். இரண்டு இலை விட்டபோதே பிடுங்கிவிட வேண்டும். கட்டைவிரல் கனம் ஆகிவிட்டால் வேரை எடுக்க சிமெண்டைக் கொத்த வேண்டியதுதான்.

கடைசியில் வரிசை இப்படி அமைந்தது. தென்மேற்கு மூலையில் பவழமல்லி. அதற்கடுத்து நாட்டுச் செம்பருத்தி இரண்டு. நடுவில் கறிவேப்பிலை. வெயில் தடையில்லாமல் விழும் தெற்குப் பக்கத்துத் துண்டில் குண்டுமல்லி. வடக்குக் கோடியில், குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் வாழை. எல்லாமே பத்துப் பதினைந்து அடிக்குள் கவாத்து செய்து அடக்கி வைக்கக்கூடியவை, அல்லது அதற்கு மேல் போகாதவை.

முருங்கையைச் சுவரோரம் வைக்கவில்லை. கொல்லையில் பின்பக்கக் காம்பவுண்டை ஒட்டித் தள்ளி வைத்தோம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடைஅடையாகத் தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்; ஜன்னல் பக்கத்தில் இருந்தால் படுக்கைவரை வரும். கிளையும் உறுதி கிடையாது, காற்றுக்கு ஒடிந்து விழும். வைத்தது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1, விதை ஊன்றியது. இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளினோம். கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் கம்பாக மேலே போய் எட்டாத உயரத்தில் காய்க்கும். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது இதற்குத்தான். ஆறு மாதத்தில் காய் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாரம் இருமுறை முருங்கைக்கீரை, யாரும் வாங்கிவரச் சொல்லாமலே.

பந்தல்

மரம் நிழல் தர இரண்டு வருடம் ஆகும். வரப்போகிற வைகாசிக்கு என்ன செய்வது? அதற்குத்தான் கொடிப்பந்தல். வெல்டிங் பட்டறையில் சொல்லி, காம்பவுண்டு ஓரம் நான்கு ஜிஐ குழாய்களை எட்டடி உயரத்துக்கு நட்டு, மேலே வீட்டுப் பக்கமாகக் குறுக்குக் குழாய் கொடுத்து, அரையடிக் கட்டத்தில் கம்பி இழுத்துக் கட்டினோம். சுவரிலிருந்து ஒரு அடி விலகி நிற்கும்படி. இந்த ஒரு அடி முக்கியம். கொடியைச் சுவரிலேயே படரவிட்டால் பூச்சுக்குள் ஈரம் இறங்கும், பல்லி, எறும்பு ஜன்னல் வழி உள்ளே வரும். விலகி நின்றால் இலைக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும். அந்தக் காற்றோட்டமே சூட்டைக் கொண்டுபோகும்.

தை மாதம் பீர்க்கை விதை ஊன்றினோம். ஆடியும் தையும் பீர்க்கைக்கு ஏற்ற பட்டம். பங்குனி முடிவதற்குள் பந்தல் மூடிவிட்டது, காயும் தொங்கியது. அது ஓய்ந்ததும் காலியாக நிற்கக் கூடாது என்று கோவைக்கொடியை ஒரு பக்கமும் நித்தியமல்லியை ஒரு பக்கமும் ஏற்றிவிட்டிருந்தோம். இப்போது பீர்க்கையே தேவையில்லை, நித்தியமல்லி முழுப் பந்தலையும் பிடித்துக்கொண்டது.

பலன் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அதே சுவரைத்தான். பந்தல் முப்பதடியில் இருபதடிக்குத்தான் போடமுடிந்தது. குளியலறைப் பக்கம் பத்தடி மூடாமல் கிடக்கிறது. போன வைகாசியில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு கையைப் படுக்கையறை உள்சுவரிலும் மறு கையைக் குளியலறை உள்சுவரிலும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு அறைக்கும் நடுவே உள்ள கதவு நிலையில் நின்றால் இரண்டும் எட்டும். குளியலறைச் சுவர் சுட்டது. படுக்கையறைச் சுவர் அறைக் காற்றைவிட ஒரு துளிதான் கதகதப்பு. அதே செங்கல், அதே பூச்சு, அதே வெயில். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அண்ணன் அடுத்த வாரமே அந்த வெல்டிங் பட்டறை நம்பரை வாங்கிக்கொண்டார்.

நிழலால் மட்டும் இது நடக்கவில்லை. இலை தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த வெப்பத்தை இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தும், தன் மேல் விழும் வெயிலிலிருந்தும் எடுக்கிறது. தகரமோ பச்சைத் துணியோ கட்டினாலும் நிழல் கிடைக்கும், ஆனால் தகரம் தானே சுட்டுச் சுவருக்கும் அந்தச் சூட்டைக் கொடுக்கும். உச்சி வெயிலில் நித்தியமல்லி இலையைத் தொட்டுப் பாருங்கள், சுடாது.

இலை மஞ்சளானபோது

முதல் வருடம் மார்கழியில் செம்பருத்தியும் மல்லியும் மஞ்சள் தட்ட ஆரம்பித்தன. நர்சரியில் கேட்டால் சத்துக் குறைவு, டிஏபி உரம் போடுங்கள் என்றார்கள். போடுவதற்கு முன்னால் இலையைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும். கீழே இருக்கிற முதிர்ந்த இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. எங்கள் செடியில் அடியிலை பச்சையாகவே இருந்தது. நுனிக் கொழுந்துதான் வெளுத்தது. அதிலும் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நின்று, நடுவில் எலுமிச்சை மஞ்சள். இது இரும்புச்சத்துக் குறை.

செம்மண்ணில் இரும்புக்கு என்ன பஞ்சம்? அங்கேதான் அந்த இடிபாடு வருகிறது. குழிக்குள் இருந்ததை எடுத்துவிட்டோம், குழிக்கு வெளியே உள்ள மண்ணில் கலவைத் தூள் அப்படியே இருந்தது. சிமெண்டுக் கலவையில் சுண்ணாம்பு இருக்கிறது. அது மண்ணைக் காரமாக்கும். காரமான மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. குழி ஓரத்து மண்ணைக் கொஞ்சம் காயவைத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, சமையலறை வினிகரை ஊற்றினேன். பொசுபொசுவென்று நுரைத்தது. வெளியில் வாங்கிய செம்மண்ணில் ஊற்றியபோது ஈரமானதோடு சரி, ஒரு குமிழி இல்லை. சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும், அவ்வளவுதான் சோதனை.

வைத்தியம் இரண்டு. உடனடிக்கு அன்னபேதி உப்பு, உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்டால் கொடுப்பார்கள். லிட்டருக்கு 5 கிராம், கூடவே அரை மூடி எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் இலையின் இரு பக்கமும் நனையத் தெளித்தோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கரைத்த அன்றே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் பழுப்பாகிப் பயனற்றுப் போகும். சுவரிலும் துணியிலும் பட்டால் துருக்கறை போகாது. நிரந்தரத்துக்கு, குழியைச் சுற்றி ஒன்றேகால் அடி அகலத்துக்கு வளையமாகத் தோண்டி, அந்த மண்ணை மாற்றித் தொழு உரமும் சருகும் நிரப்பினோம். பழைய இலை திரும்பப் பச்சையாகவில்லை. மாசியில் வந்த புதுத்துளிர் கரும்பச்சையாக வந்தது. டிஏபி போட்டிருந்தால் செலவும் போய், குறையும் அப்படியே இருந்திருக்கும்.

புதிதாகக் கட்டிய வீட்டில் செடி வைப்பவர்கள் யாராக இருந்தாலும் நடுவதற்கு முன்பே வினிகரை ஊற்றிப் பார்த்துவிடுங்கள் என்று சொல்வேன்.

குளியலறைத் தண்ணீரும் வாழையும்

குளிக்கிற தண்ணீர் தினமும் சாக்கடைக்குப் போனது. அந்தக் குழாயைப் பிரித்து, சரளைக் கல் நிரப்பிய சிறு தொட்டி வழியாக வாழைப் பாத்திக்கு விட்டோம். தொட்டி ஓரத்தில் கல்வாழை. இரண்டுமே ஈரத்தைக் குடித்துத் தீர்ப்பவை. துணி துவைக்கிற மெஷின் தண்ணீரை மட்டும் இதில் சேர்க்கவில்லை. சலவைத் தூளில் உள்ள சோடியம் நாள்பட நாள்பட மண்ணை இறுக்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள பாத்திரத் தண்ணீரும் வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர், புளித்த மோர் இரண்டும் கறிவேப்பிலைக்கு.

பூவன் வாழை. ஒரு தாய், ஒரு கன்று, அதற்கு மேல் முளைக்கிற கன்றுகளை வெட்டிவிடுவோம். விட்டால் புதராகிக் காய் சிறுத்துப்போகும். முதல் தார் வெட்டியபோது அத்தை மரத்தை வீசவிடவில்லை. பட்டை பட்டையாக உரித்து, நிழலில் காயவைத்து, நீளவாக்கில் கிழித்துச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். பூக்கட்டும்போது ஒரு சுருளைத் தண்ணீரில் நனைத்து எடுப்பார்கள். இடது கைப் பெருவிரலில் நாரின் நுனியைச் சுற்றிப் பிடித்து, இப்படி இரண்டு மொட்டு, அப்படி இரண்டு மொட்டு வைத்து, வலது கையால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சை இறுக்கிக் கீழே தள்ளுவார்கள். நூலில் கட்டினால் காம்பு அறுபடும்; நனைந்த நாரில் பூ மறுநாள்வரை வாடாது.

பூ

மல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மதுரையில் இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியாது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்கழி, தை மாதங்களில் வரத்துக் குறைந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அப்போது வீட்டுச் செடியிலும் பூ இருக்காது. அது செடி ஓய்வெடுக்கிற காலம். கார்த்திகை மத்தியில், நவம்பர் கடைசியில் தண்ணீரைக் குறைத்து, முழங்கால் உயரத்துக்கு மேல் உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும். பார்க்க மனசு கேட்காது. ஆனால் பழைய கம்பில் பூ வராது, புதுத்துளிரில்தான் மொட்டு வரும். வெட்டியபின் தொழு உரம் வைத்து நிறையத் தண்ணீர் விட்டால் பங்குனியில் மொட்டுக் கட்டும். மூன்று செடியில் தினமும் ஒருவர் தலைக்கும் சாமி படத்துக்கும் காணும். மொட்டு வெள்ளை ஏறி, விரியாமல் இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். ராத்திரி அது நம் தலையில் விரியட்டும்.

பவழமல்லி பறிக்கவே வேண்டாம். இரவில் பூத்து விடியும்போது தானே உதிரும். அடியில் பழைய வேட்டியை விரித்துவைத்தால் மண்படாமல் எடுக்கலாம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தது. பூச்சியை மட்டும் பார்த்தால் போதாது, தண்டில் ஏறுகிற எறும்பைப் பார்க்க வேண்டும். பூச்சி கசியும் இனிப்பு நீருக்காக எறும்புதான் அதைக் காத்துப் பரப்புகிறது. பைப்பை வைத்து விசையாகத் தண்ணீர் அடித்துப் பூச்சியை உதிர்த்து, பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளித்ததில் மூன்றாம் வாரம் அடங்கியது.

கறிவேப்பிலையில் வந்த புழுவுக்கு மருந்து அடிக்கவில்லை. சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடக்கும், வளர்ந்ததும் பச்சை. அது வால்சிறகு வண்ணத்துப்பூச்சியின் புழு. அதற்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை வகை இலைதான் வேண்டும். எங்கள் தெருவில் வேறு எங்கே போகும்? கைக்கு எட்டாத மேல்கிளையை அதற்கு விட்டுவிட்டோம். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வருகிறது. பந்தல் கம்பியில் சிலந்தி நூலும் சருகும் வைத்துத் தொங்கும் கூடு கட்டியது. குஞ்சு வெளியேறும்வரை அந்தப் பக்கம் நித்தியமல்லியைக் கத்தரிக்கவில்லை.

கேட்கப்படுகிற சில கேள்விகள்

செடி வைத்தால் கொசு, பாம்பு வருமே என்பார்கள். கொசு செடியில் பிறப்பதில்லை, தேங்கிய தண்ணீரில் பிறக்கிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். ஆகவே தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமை வேலை. பாம்பு ஒளிய இடம் தேடித்தான் வரும். செங்கல், விறகு, உடைந்த தொட்டி என்று மூலையில் அடுக்கி வைக்காமல், செடிகளின் அடித்தண்டு ஒரு அடிக்குத் தெரியும்படி கழித்துவிட்டால் அதற்கு ஒளிய இடமில்லை.

இன்னொன்று, அறைக்குள் வைக்கிற தொட்டிச்செடி காற்றைச் சுத்தப்படுத்தும் என்பது. நாத்தனார் இதை நம்பி வீடு நிறைய மணி பிளாண்ட் வைத்திருக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சுக்கு மூலம் 1989-இல் நாசா செய்த ஆய்வு. அது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செய்தது. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தபோது, ஜன்னல் வழி வந்துபோகிற காற்று செய்கிற வேலையைச் செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி, ஆயிரம்வரைகூட வேண்டியிருக்கும் என்று வந்தது. ஜன்னலைத் திற, செடியை ஜன்னலுக்கு வெளியே வை என்பதுதான் என் கட்சி.

ஜன்னலுக்கு வெளியே வைப்பதில் இன்னொரு நன்மை உண்டு என்பது அத்தைக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது புரிந்தது. கட்டிலை மேற்கு ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டோம். தேன்சிட்டு வந்ததா, எத்தனை செம்பருத்தி பூத்தது என்று பொழுது போனது. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில், ஜன்னல் வழி மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது. அத்தைக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. வாக்கரைப் பிடித்து முதன்முதலாக வெளியே நடந்தது அந்த இரண்டடிப் பாதையில்தான், பவழமல்லிவரை.

இந்த ஆடிக்கு

மிச்சமிருக்கிற பத்தடிச் சுவருக்குப் பந்தலை நீட்டப் போகிறோம். குளியலறைச் சூடு இன்னும் குறையவில்லை, தவிர வாழை ஒன்றால் அந்த உயரத்துக்கு நிழல் தரமுடியவில்லை. ஏற்றப்போவது முல்லை, நித்தியமல்லியில் கவாத்து வேலை அதிகம், முல்லை அவ்வளவு முரட்டுத்தனமாகப் படராது. குழாய் அதே கனம், சுவரிலிருந்து அதே ஒரு அடி. ஆடிப் பட்டத்தில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துவிடும், வெயில் வருவதற்குள் பந்தல் ஏறிவிடும். நித்தியமல்லிக் கொடியில் போட்ட பதியன்கள் ஆறு வேர் விட்டுத் தயாராக இருக்கின்றன. இரண்டு பக்கத்து வீட்டு அண்ணனுக்கு, ஒன்று கொத்தனார் அண்ணனுக்கு; அவர் வீடும் கிழக்கு வாசல்தானாம். மீதிக்குத் தெருவில் யாராவது கேட்பார்கள், குழி தோண்டி வைத்துவிட்டு வந்தால் கொடுத்துவிடுவேன்.